முட்டுச்சந்தில் பெஜோ

கமலக்கண்ணனின் பெஜோ காருக்கு ரிவர்ஸ் கியர் போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. புதுச்சேரி டவுனுக்குள் வாடகைக்கு ஓட்டுகிறவனுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. தெருக்களை நூல் பிடித்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். இடப்பக்கமாகவே திரும்பிக்கொண்டு போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். ஓட்டல் வாசலிலும் வட்டமடித்து, வண்டியின் மூக்கு ரோட்டைப் பார்க்கும்படிதான் நிறுத்துவான். தொழில் சுத்தமான ஆள் என்று சவாரிக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

வம்பு அரியாங்குப்பத்தில் இருந்தது. மாமியார் வீடு அங்கே ஒரு முட்டுச்சந்தின் கோடியில். உள்ளே போகிற வண்டி பின்பக்கமாகத்தான் வெளியே வரவேண்டும். மச்சினியின் வளைகாப்புக்குப் போன அன்று மெயின் ரோட்டிலேயே நிறுத்தி, மனைவி அமுதவல்லியைப் பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக நடக்கவிட்டு, அவசரச் சவாரி என்று நழுவிவிட்டான். டிரைவர் மாப்பிள்ளையின் வண்டிக்கு ரிவர்ஸ் இல்லை என்று அந்தத் தெருவுக்குத் தெரிந்தால் மானம் என்ன ஆவது? மாப்பிள்ளை வாசலை மிதிக்கவில்லையே என்று சொந்தங்கள் வாய்க்கு வந்ததைப் பேசின. அமுதவல்லி அங்கே அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் வெடித்தாள்.

"வண்டிக்குத்தான் ரிவர்ஸ் இல்ல, உனக்குமா இல்ல? எங்கம்மாகிட்ட வந்து தப்புதான்னு ஒரு வார்த்த சொல்லு."

"நா இன்னா தப்பு பண்ணேன்?"

"அப்ப நா போறேன். எங்கம்மா வாசல்ல வண்டிய நிறுத்திக் கூப்டு, வரேன்."

போய்விட்டாள். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம் கமலக்கண்ணன். ரிவர்ஸுக்கு வேண்டிய ராடு வந்ததும் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

அந்த ராடுதான் கிடைக்கவில்லை. இந்தியாவில் இந்தக் காரைத் தயாரிப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. கியர் தடியையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற ராடு தேய்ந்துபோக, உப்பளம் ஏரியா மெக்கானிக் பக்கிரி சென்னைக் காயலான் கடைகள்வரை தேடிவிட்டு, கடைசியில் சேதராப்பட்டு லேத் பட்டறையில் ஒன்று செய்து மாட்டினான். முன்னால் போகிற கியரெல்லாம் விழுந்தன. ரிவர்ஸ் மட்டும் எட்டவில்லை.

அப்போதுதான், பிரெஞ்சு மரியாதையில் எல்லோரும் முசே என்று அழைக்கும் சக்கரபாணியின் ஞாபகம் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மார்கழி பிறந்தால் பாரிஸிலிருந்து வந்து இறங்குவார். விமான நிலையத்திலிருந்து கமலக்கண்ணன் வண்டிதான். போனில் சொன்னதும், "அங்க இல்லாட்டி இன்னா, இங்க கெடைக்கும்ப்பா. நா எடுத்தாரேன்" என்றார். சொன்னபடியே, கம்பளிச் சட்டைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

கமலக்கண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியைக் கழுவினான். மல்லிகைப் பூ வாங்கி முன்கண்ணாடி ஓரம் வைத்தான். சாயங்காலமே அரியாங்குப்பம் போய்விடுவதாக முசேயிடமும் சொல்லிவிட்டான்.

பக்கிரி வண்டிக்கு அடியில் படுத்து மல்லுக்கட்டினான். முசே நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசனை சொன்னார். மதியம் தாண்டி பக்கிரி வெளியே வந்து, ராடை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தான்.

"ண்ணா, இது சேராதுண்ணா."

"அதே மாடல்தானடா?"

"மாடல் அதேதான். அங்க ஸ்டியரிங் எடது பக்கம். வளைவு எதிர்ப்பக்கமா வருது."



"மோந்தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு முசே தலையில் கை வைத்தார். "நாப்பது வருஷமா எடது பக்கம் ஒக்காந்தே ஓட்டறேன், தோணவே இல்லியே!" பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கிரியும் சிரித்தான்.

கமலக்கண்ணனுக்கு அழுகை வந்தது. உண்மையைச் சொன்னால், ராடு வராமல் இருந்தது இத்தனை நாளும் அவனுக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. இனிமேல் எதன் பின்னால் போய் ஒளிவது? முன்கண்ணாடி ஓரம் மல்லிகை வாடத் தொடங்கியிருந்தது. பழைய ராடையே மாட்டச் சொன்னான்.

ஆற்றுப் பாலம் தாண்டி, மெயின் ரோட்டில் நிற்காமல், சந்து முனையில் இருந்த முருங்கையை ஒட்டித் திரும்பி முட்டுச்சந்துக்குள் வண்டியை விட்டான். முன்சக்கரம் வாசல் கோலத்தைத் தொட்டு நின்றது. மாமியார் சின்னப்பாப்பா வெளியே வந்தாள். பின்னாலேயே அக்கம்பக்கமும் எட்டிப் பார்த்தது.

"வாங்க மாப்ள. இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"வண்டிக்கு ரிவர்ஸ் இல்ல அத்த. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. சொல்ல வெக்கப்பட்டுகினு ஓடிட்டேன். தப்புதான்."

எதிர்வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சின்னப்பாப்பாவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"அப்ப எப்டி வெளிய போவீங்க?"

"தள்ளிகினுதான்."

அமுதவல்லி பையோடு வந்தாள். கதவைத் திறந்து பையைப் பின்சீட்டில் எறிந்தாள். மல்லிகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து, பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"யோவ், நீ ஏறி ஸ்டியரிங்கப் புடி. பின்னால பாத்துப் புடி, முருங்கய ஒடச்சிடப் போற."