ரப்பர் ருசி

"சின்னம்மா, அம்மா வாங்கிக் குடுத்த பைப் எங்க?"

அலமாரியைத் துழாவிக்கொண்டே கேட்டான் கிருபானந்தன். கூடத்தில் அவன் அப்பா குலசேகரம் பட்டு வேட்டியோடு பெட்டிக்குள் படுத்திருந்தார். ராசா என்ற அந்த ஊரில் தெருவை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள்.

"நீலச் சட்டைப் பையில பார் தம்பி. அவர் கையில வச்சுவிடு" என்றாள் திலகம்.

அம்மா வாங்கிக் கொடுத்ததாம். புருஷனைப் பெட்டியில் கிடத்தியிருக்கும் வேளையிலும் அதைச் சொல்லிக் காட்ட ஒருவன் வந்துவிட்டானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

திலகம் இரண்டாந்தாரம். மூத்தவள் லோகேஸ்வரியின் படத்துக்கு முகம் கோணாமல் விளக்கு வைத்தாள். மூத்தவள் பெற்ற கிருபானந்தனின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காராமல் ஒதுங்கிக்கொண்டாள். எல்லாவற்றையும் பொறுத்தவளுக்குப் பொறுக்க முடியாமல் போனது அந்தப் புகையிலைப் பைப் ஒன்றுதான். குலசேகரம் கோலா கிளாவாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற அன்று லோகேஸ்வரி வாங்கிக் கொடுத்தது. மறு வருஷமே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பைப்பைச் சேர்த்துக் கொண்டுபோயிருக்கலாம்.

வாயில் கடிக்கும் அதன் கறுப்புத் தண்டு, கந்தகம் போட்டு இறுக்கிய ரப்பர். நாளாக ஆக வெளிறிப் பழுப்பாகி, கசப்பு வாடை அடிக்கும். குலசேகரத்துக்கோ அதுதான் உயிர். சாயங்காலம் பற்றவைத்து முதல் இழுப்பை இழுத்ததும், "என்ன இருந்தாலும் இந்த ரப்பர் ருசி வேற ஒண்டிலயும் வராது. ரப்பர் காயப் போடுற தோட்டத்துப் புகைவீட்டுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்பார். பக்கத்தில் தேநீர் ஆற்றும் திலகத்தின் காதில் ரப்பரும் விழாது, புகைவீடும் விழாது. லோகேஸ்வரி, லோகேஸ்வரி என்றுதான் விழும்.

சில வருஷங்களுக்கு முன் அவர் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் அந்தத் திருட்டைச் செய்தாள். பைப்பைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோய், அச்சு அசலாக அதேபோல் ஓர் அக்ரிலிக் தண்டைச் செதுக்கிப் பொருத்தி வாங்கினாள்.

"இதுல தண்டோட ருசி எதுவும் ஏறாது மேடம். நல்லா கெட்டி, பல்லுத் தடம்கூட லேசுல விழாது" என்றான் கடைக்காரன்.

"அதுதான் வேணும்" என்றாள். கழற்றிய பழைய தண்டை உளுந்து டின்னுக்குள் புதைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் குலசேகரம் பற்றவைத்தார். திலகம் தேநீரை ஆற்றிக்கொண்டே அவர் வாயைப் பார்த்தாள். முதல் இழுப்போடு பைப்பை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். அவளையும் பார்த்தார். பிறகு, "என்ன இருந்தாலும் இந்த ரப்பர் ருசி வேற ஒண்டிலயும் வராது" என்றார்.

இவ்வளவுதானா உன் ருசி லோகேஸ்வரி என்று திலகம் உள்ளுக்குள் துள்ளினாள். அதன் பிறகு அந்த ஒரு வசனத்தைக் கேட்பதற்காகவே சாயங்காலங்களில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முந்தாநாள்கூடச் சொன்னார்.

கிருபானந்தன் பைப்பைக் கொண்டுவந்து அப்பாவின் விரல்களுக்கிடையில் செருகினான். தலைமாட்டில் நின்றிருந்த சன்னாசி அதை உற்றுப் பார்த்தார். கூலியாட்களை மேற்பார்த்த பழைய மண்டோர். குலசேகரத்தோடு ஒரே தோட்டத்தில் வேலை பார்த்தவர். வேலி ஓரம் பேசிக்கொண்டு நிற்க அவர் வராத நாள் குறைவு. கண்ணைத் துடைத்துக்கொண்டு திலகத்தின் அருகில் வந்து குனிந்தார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க தண்டு மாத்துனது கிராணிக்குத் தெரியும்லா."

"என்ன சொல்லுறீங்க?"

"மொத இழுப்புலயே தெரிஞ்சுபோச்சாம். சப்புன்னு இருக்குடா, ரப்பரே இல்லன்னாரு. ஆனா அவகிட்ட மூச்சு விட்டுறாத, நான் ருசின்னு சொன்னதும் அவ மூஞ்சி அப்படியே மலந்துபோச்சுடான்னாரு." சன்னாசி மூக்கை உறிஞ்சினார். "பழசு இருந்தா அத மாட்டி அனுப்புங்கம்மா. போற வழிக்காவது ருசியா இருக்கட்டும்."

திலகத்துக்கு முகம் சுட்டது. தெரிந்துகொண்டே தினமும் சொல்லியிருக்கிறார். அந்த வெட்கம் அடங்குவதற்குள் அடுத்தது மூண்டது. என்னிடம் சொல்லாததை இந்த ஆளிடம் சொல்லியிருக்கிறாரே! செத்தவள்மேல் பொறாமைப்பட்டுப் பொறாமைப்பட்டே காலத்தைக் கழித்தவள், வேலி ஓரத்தில் குத்துக்கல்லாக நின்ற ஒருவனைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

முகம் கழுவி வருவதாகச் சொல்லி அடுக்களைக்குப் போனாள். டின்னுக்குள் கைவிட்டுத் தண்டை எடுத்து முந்தானையால் துடைத்தாள். கொண்டுபோய் மாட்டிவிடத்தான் எடுத்தாள். மேலும் கீழுமாக அதில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. அப்படி என்னதான் ருசி என்று வாயில் வைத்துப் பார்த்தாள். தீக்குச்சி கரிந்ததுபோல் கசந்தது. பற்கள் தாமாக அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்தன.

லோகேஸ்வரி வாங்கிக் கொடுத்து ஒரு வருஷம்தான் இருந்தாள். இவ்வளவு ஆழம் ஒரு வருஷத்தில் விழாது. இவள் ஆற்றிக் கொடுத்த தேநீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாயங்காலம் சாயங்காலமாக அவர் கடித்த பள்ளம் இது. வாங்கியவள் அவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பள்ளம் விழுந்தது என் வீட்டில்.

"சின்னம்மா, பெட்டியை மூடப் போறாங்க!"

தண்டை இடுப்பில் செருகி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். சன்னாசி அவளுடைய வெறுங்கைகளைப் பார்த்தார்.

"கெடைக்கலையாம்மா?"

"அதை எப்பவோ எறிஞ்சாச்சு" என்றாள். கண்ணை நகர்த்தாமல் அவரையே பார்த்தாள். அவர்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

பளபளக்கும் புதுத் தண்டோடு பெட்டி மூடப்பட்டது. வாய்விட்டு அழுது, அவளும் வாசல்வரை போனாள்.

வேன் முனை திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவ வாளி கேட்டார்கள். திலகம் பின்கட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் முகம் காட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பி, தண்டை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணி ரொம்பிருச்சாக்கா?" என்று பக்கத்து வீட்டு நீலாவதி கேட்டாள்.

எச்சில் ஊறிக் கசந்தது. திலகம் அதைத் துப்பாமல் விழுங்கினாள். வாளி வழிந்து காலை நனைத்தது.