நாற்பத்து மூன்று மீட்டர்

"மக்கா, உனக்க கசேரி வெளியிலயாக்கும். எத்தன நாளு சொல்லணும்?"

ஹால் வாசலில் கையை நீட்டி மறித்து நின்றாள் ஆனந்தபாய். உள்ளே பேன் சுற்ற, பன்னிரண்டு பிள்ளைகள் பெஞ்சில் வசதியாக இருந்தார்கள். கடற்கரையிலுள்ள பூவாரிலிருந்து பஸ் ஏறி வந்த டெல்னா மட்டும் கார் ஷெட்டில் கிடந்த தன் பிளாஸ்டிக் நாற்காலிக்குத் திரும்பினாள்.

டியூஷன் எடுப்பது ஆனந்தபாயின் புருஷன், ரிட்டயர்டு மாஸ்டர் விஜயதாஸ். கணக்கில் அவரை விட்டால் ஆளில்லை என்று கொல்லயில் ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான்.

கடற்கரைப் பிள்ளைகளிடம் மீன் நாற்றம் உண்டு, பேன் காற்றில் அது வீடெல்லாம் பரவும் என்பது ஆனந்தபாயின் கண்டுபிடிப்பு. அதே டெல்னாவின் அம்மா மார்கிரெட் காலையில் விற்கக் கொண்டுவரும் சாளை மீனை, செவிளைப் பிரித்து மூக்கோடு வைத்துப் பார்த்துத்தான் வாங்குவாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் முன்வரிசையில் நின்று, எல்லாரும் கர்த்தரின் பிள்ளைகள் என்று தொண்டை கிழியப் பாடவும் செய்வாள். அதற்கெல்லாம் மூக்கு குறுக்கே வருவதில்லை.

கார் ஷெட் ஜன்னல் வழியே போர்டில் பாதிதான் தெரியும். இன்டகரேஷன் தொடங்குவது தெரியும், முடிவது தெரியாது. என்ஜினியரிங் என்ட்ரன்ஸுக்கு இன்னும் இரண்டு மாதம். பாதிக் கணக்குக்கு எந்தக் காலேஜும் சீட்டு தராது என்று டெல்னாவுக்குத் தெரியும்.

அன்று சனிக்கிழமை, டிரிக்னாமெட்ரி. கரையிலிருந்து நூறு மீட்டர் உள்ளே ஒரு கலங்கரை விளக்கம், உயரம் எழுபத்தைந்து மீட்டர். உச்சியிலிருந்து பார்த்தால் கடலில் நிற்கும் படகு முப்பது டிகிரி இறக்கத்தில் தெரிகிறது. விளக்கின் அடியிலிருந்து படகு எவ்வளவு தூரம்?

சார் படம் வரைந்தார், கோணம் குறித்தார், "நாப்பத்திமூணு மீட்டர்" என்று வாசித்து அடிக்கோடும் போட்டார்.

"சார்," என்றாள் டெல்னா, ஜன்னல் கம்பிக்கு அப்பாலிருந்து. "நாப்பத்திமூணுன்னா வள்ளம் கரையில இல்லியா கிடக்கு? கடலுக்கே நூறு மீட்டர் போணுமே."

பிள்ளைகள் சிரித்தார்கள். சாரின் மகன் சஜுவும் சிரித்தான். சார் சிரிக்கவில்லை.

"கோணத்த விளக்க ஒட்டி எடுக்கப்பிடாது சார். நேரே தூரத்துல கடலும் வானமும் முட்டுற எடத்தப் பாத்து, அங்கயிருந்து கீழ இறக்கணும். நான் உள்ள வந்து போர்டுல போட்டுக் காட்டட்டா?"

சார் மனைவியைப் பார்த்தார். வாசலில் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"வேண்டாம். கைடுல இந்த ஆன்சர்தான் உண்டு. அது போரும்."

கடலுக்குப் போகிறவன் மகள் ஹாலுக்குள் வருவதைவிட, படகு தரையில் மிதப்பது அவருக்கு லேசாக இருந்தது. முப்பது வருஷம் கணக்கு படிப்பித்த மனுஷன்!

திங்கட்கிழமை அதே கணக்கைப் போர்டில் மறுபடி எழுதினார். இந்தத் தடவை விடை நூற்று முப்பது.

"சனியாழ்ச்ச நான் வேணும்னே தப்பாப் போட்டதாக்கும். ஒருத்தராவது கண்டுபிடிக்கியளான்னு பாத்தேன். ஒருத்தருக்கும் கண்டுபிடிக்கக் கழியல்ல."

சொல்லும்போது நாக்கு கொஞ்சமும் கூசவில்லை. சஜு தலையைக் குனிந்துகொண்டான்.

டெல்னா எழுந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியே ஹாலுக்குள் வந்து, பெஞ்சுகளுக்கு முன்னால், போர்டுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். மறிக்க ஆளில்லை. ஆனந்தபாய் அடுக்களையில் இருந்தாள்.

நாற்காலிச் சத்தம் கேட்டுக் கரண்டியோடு வந்தவள் மூக்கைப் பொத்தினாள். "பாத்தியளா, உள்ள வந்ததும் மீன் நாத்தம் தொடங்கியாச்சு."

ஹாலில் மீன் மணம் இருந்தது உண்மைதான்.

"அது உங்க அடுக்களையில இருந்து வாறதாக்கும் ஆன்ட்டி," என்றாள் டெல்னா, நோட்டை விரித்தபடி. "இன்னைக்குக் காலத்த அம்மை தந்த சாளை. கரியுது, போய் சட்டியில மறிச்சுப் போடுங்க."