எட்டு மில்லிமீட்டர்

ப்ரெவோவுக்கும் எனக்கும் மூன்று வருடமாக ஆகாது. அவர் எங்கள் கதிர்சிகிச்சைப் பிரிவின் இயற்பியலாளர், கணக்கு அவருடையது. நோயாளியைப் படுக்கவைத்துக் கதிரைச் செலுத்துவது என் வேலை. என் காதுபடவே என்னைப் 'பொத்தான்காரி' என்பார். காப்பி இயந்திரத்தின் முன் நான் நின்றால் மாடியேறி வேறொன்றுக்குப் போவார்.

அந்த வியாழக்கிழமை மேசையில் படுத்திருந்தவர் ஷாப்புய். பனிச்சறுக்கு மலையில் ஆட்களை மேலேற்றும் கம்பிவட நாற்காலிகளைப் பழுதுபார்ப்பவர். இடது தொடையில் கட்டி. எலும்பை ஒட்டிய பக்கம் அது சுருங்கினால்தான் காலைக் காப்பாற்றலாம் என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்காகக் கட்டிக்குள் ஊசி வழியே மிக நுண்ணிய உலோகத் துகள்களை ஏற்றியிருந்தார்கள். கதிர் பட்டால் அதன் வீரியத்தை அங்கேயே பெருக்கும் துகள்கள். படத்தில் வெள்ளைக் கறையாகத் தெரியும்.

தினமும் கதிருக்கு முன் படமெடுத்து, முதல் படத்தோடு பொருத்துவோம். இரண்டு பேர் வாய்விட்டுச் 'சரி' சொன்ன பிறகுதான் பொத்தான். அன்று என் ஜோடி விடுப்பு. ப்ரெவோவே இரண்டாம் ஆளாக நின்றார். இயந்திரம் தானாகப் பொருத்தி, மேசையை எட்டு மில்லிமீட்டர் நகர்த்தச் சொன்னது. கறை கறையோடு பொருந்தியது. எலும்பு விலகி நின்றது.

"சரி," என்றார் ப்ரெவோ.

நான் எலும்பின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"என்ன, ஒதீல் அம்மையாரே, நாக்கு ஒட்டிக்கிச்சா?"

"எலும்பு பொருந்தலையே."

"கறையை வச்சுப் பொருத்தச் சொன்னது நான். அதைவிடத் தெளிவா அங்க வேற என்ன இருக்கு?"

"துகள் ஊசி போன தடத்துல தோல் பக்கமா கசிஞ்சிருக்கு. கறை நீண்டுபோச்சு, பாருங்க. மெஷின் கறை பின்னாடி ஓடுது. கட்டி எலும்புகிட்டயே நிக்குது."

"படம் படிக்க எப்ப கத்துக்கிட்டீங்க? பொத்தானை அமுக்குங்க, போதும்."

"நீங்களே அமுக்குங்களேன். நான் 'சரி' சொல்ல மாட்டேன்."

அவர் கை நீளவில்லை. நான் எலும்பை வைத்துக் கையால் பொருத்தினேன். எலும்போரக் கட்டி கதிர் படும் வட்டத்துக்குள் வந்தது. அவர் திரையை முறைத்தபடியே, "சரி," என்றார். அமுக்கினேன்.

பிறகு முந்தைய நாட்களின் படங்களைத் திறந்தேன்.

"பழசைக் கிளறாதீங்க," என்றார்.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் அவர் சொன்னபடி கறையை வைத்தே பொருத்தியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை 'சரி' சொன்னவள் நான்.

தவறுப் படிவத்தில் எங்கள் இருவர் பெயரையும் எழுதினேன். முதலில் என்னுடையது.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றார் ப்ரெவோ.

"இருக்கலாம். உங்க பேருல எழுத்துப்பிழை இருக்கான்னு பாத்துக்குங்க."

மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அவரோடு ஷாப்புயிடம் போனேன். எலும்போரத்துக்கு மூன்று நாள் கதிர் குறைந்துவிட்டது. கூடுதல் நாட்கள் தேவைப்படும், அறுவை தள்ளிப்போகும், கால் தங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர். எட்டு மில்லிமீட்டர் விலகலைச் சொல்லி நான் மன்னிப்புக் கேட்டேன்.

ஷாப்புய் கால்சட்டையை மாட்டியபடியே கேட்டார்.

"எட்டு மில்லிமீட்டரா? கம்பிவடத்துல நான் அப்படி விட்டிருந்தா நாற்காலியோட ஜனம் பள்ளத்துல கிடக்கும். என்னை ஜெயில்ல போட்டிருப்பாங்க."

இடுப்புப் பட்டையை இறுக்கினார்.

"உங்க மன்னிப்பை நீங்களே வச்சுக்குங்க. நாளைக்கு எலும்பைப் பாருங்க."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.