தூரத்தில் நிற்க ஓர் ஆள்

ஈரோட்டில், ஜவுளிக் கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த ஒரு கணினி நிறுவனம், தூரத்தில் நிற்பதற்காகச் சென்னியப்பனை வேலைக்கு எடுத்தது.

அங்கே இருந்தவர்களுக்கு, வெளிநாட்டு மருத்துவர்கள் பேசி அனுப்புவதைக் காதில் கேட்டுத் திரையில் எழுத்தாக்கும் வேலை. மதியத்துக்குள் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். சாயங்காலம் பஸ்ஸின் பலகை இரட்டையாகத் தெரியும். கண் மருத்துவர் ஒருவர் வந்து எல்லோரையும் பார்த்தார். திரையைக் கண்ணுக்குக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கச் சொன்னார். மின்விசிறிக் காற்று முகத்தில் அடிக்காமல் உட்காரச் சொன்னார், இமைக்க மறக்காதீர்கள் என்றார். போகும்போது, அவ்வப்போது தலையை நிமிர்த்தித் தூரத்தில் இருக்கும் எதையாவது சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மற்றதையெல்லாம் அன்றைக்கே செய்துவிட்டார்கள். கடைசியாகச் சொன்னதற்குத்தான் வழியில்லை. அந்த அறையில் தூரம் கிடையாது. சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். இந்தப் பக்கத்துப் பல்லி அந்தப் பக்கம் போக ஒரு தாவு போதும்.

ஆள் எடுத்தது மேலாளர் தாரணி. வந்தவர்களை ஒவ்வொருவராகத் தண்ணீர்க் கேன் பக்கத்தில் நிற்கவைத்து, ஊழியர்களிடம் அவரைப் பார்க்கச் சொன்னாள். ஒருவருக்குப் பெரிய மீசை. அவர் பின்னால் நின்றாலும் மீசை முன்னால் வந்து நின்றது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் முதலில் நன்றாகத்தான் நின்றார். யாரோ தெரிந்த பெண்ணைப் பார்த்துச் சிரித்தார், அதோடு மேசைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். சென்னியப்பன் போய் நின்றதும் அறையில் இருந்த அத்தனை கண்ணும் இளகிற்று.

"அய்யா, இதுக்கு முன்னாடி எங்க நின்னீங்க?" என்று தாரணி கேட்டாள்.

"எங்கயும் இல்லீங்க அம்மிணி. விசைத்தறி ஓட்டீட்டு இருந்தேன். வூட்டுல எப்பவும் இப்படித்தானுங்க."

அது உண்மை. அவர் மனைவி பாவாத்தாள் கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பது அது. "பக்கத்துல உக்காந்து சோறு திங்கறாரு, ஆளு அந்தியூருல இருக்கறாரு" என்பாள், வீட்டுக்கு வருகிறவர்களிடம். அவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பு முடிந்த பிறகு சென்னியப்பன் நிமிர்ந்து, என்ன என்று கேட்பார்.

வேலை கடினமில்லை. மணி அடிக்கும். எல்லோரும் விரல்களை நிறுத்திவிட்டுத் திரும்பி அவரைப் பார்ப்பார்கள். அவர் நிற்பார். மறுபடி மணி அடிக்கும். சன்னலோரத்தில் இருந்த சுகந்தா என்ற பெண் மதியமானால் ஈரத்துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தத் துணி காய்ந்து மேசை துடைக்கப் போயிற்று.

தூரம் என்று இத்தனை பேர் பார்த்தால் ஓர் ஆள் தூரமாகத்தான் போவார். சில வாரங்களில் சென்னியப்பனின் கண்ணும் மூக்கும் தெரியாமல் சட்டையின் நிறம் மட்டும் தெரிந்தது. தெருவில் வெயில் கொளுத்தும் நாளில் அவர் நிற்கும் இடத்தில் இலேசாகத் தூறிக்கொண்டிருக்கும். அவருக்கு அனுப்பும் டீயை மற்றவர்களுக்கு முன்பே அனுப்பினார்கள். தாரணிக்குப் பரம திருப்தி. மேலதிகாரிகள் வந்தால் முதலில் அவரைத்தான் காட்டுவாள். அவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, நல்ல தூரம் என்பார்கள்.

தறி ஓட்டிய காலத்தில் பஞ்சு தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். இப்போது தூரம் வந்தது. ஒரு சாயங்காலம் பாவாத்தாள் காபி டம்ளரை நீட்டினாள். எட்டவில்லை. "சித்த இக்கட்டால வாங்க" என்றாள். அவர் வந்தார். அப்போதும் எட்டவில்லை. டம்ளரைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டாள். அவர் கைக்கு வரும்போது ஆறியிருந்தது.

பிறகு பேச்சும் தாமதமாயிற்று. தோசையா, உப்புமாவா என்று கேட்டால் பதில் வருவதற்குள் பொழுது போய்விடும் என்பதால், முதல்நாள் சொன்ன பதிலுக்குச் சமைக்கப் பழகிக்கொண்டாள். சண்டைதான் சிரமமாக இருந்தது. அவள் காலையில் திட்டினால் அவருக்கு அலுவலகத்தில் மத்தியானம் வந்து சேரும், அத்தனை பேர் முன்னால். அவர் அங்கிருந்தே மன்னிப்புக் கேட்பார். அது வீட்டுக்கு வந்து சேரும்போது அவள் கோபமெல்லாம் தீர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். எதற்கு இந்த மனுஷன் மன்னிப்புக் கேட்கிறார், என்ன செய்துவிட்டு வந்திருக்கிறார் என்று புதிதாகத் திட்ட ஆரம்பிப்பாள்.

அப்போதுதான் பாவாத்தாளின் வலது கண்ணில் புரை முற்றியது. இடது கண் சின்ன வயதிலேயே போனது. அறுவைக்கு முன்னால் மருத்துவமனையில் டாக்டர் கேட்டார்:

"லென்ஸு தூரத்துக்கு வெக்கட்டுங்களா, பக்கத்துக்கு வெக்கட்டுங்களா?"

"ரெண்டுக்கும் சேத்து வெக்க முடியாதுங்களா?"

"இதுல ஒண்ணுதான் ஆகும். நீங்க அதிகமாப் பாக்கறது என்ன?"

"இவரைத்தானுங்க. வேற யாரு இருக்கறா."

சென்னியப்பன் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் கையை நெற்றிக்கு மேல் குடையாக வைத்து அவரைப் பார்த்தார்.

"அவருக்குன்னா தூரத்து லென்ஸுதான் சரிம்மா."

"வேண்டாமுங்க. பக்கத்துக்கே வையுங்க. அவரு வந்துருவாரு."

இந்த வார்த்தைகள் சென்னியப்பனுக்கு வந்து சேர்ந்தபோது அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அவர் எழுந்து அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பழக்கமில்லாமலே திரும்பி அவரைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொண்டார்கள்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்தாள். மறுநாள் மத்தியானத்துக்குள் கட்டை அவிழ்த்து மருந்து விட வேண்டும், விடாமல் போனால் சீழ் பிடித்துக் கண் போய்விடும் என்றாள். இருந்தது அந்த ஒரு கண்தான்.

பாவாத்தாள் கூடத்தின் கடைசியில் கட்டிலில் உட்கார்ந்தாள். புட்டி அவரிடம் இருந்தது. கட்டை அவிழ்க்கும் முன் எட்டுகிறதா என்று ஒட்டடைக் குச்சியின் நுனியில் அதைக் கட்டி நீட்டிப் பார்த்தார். சொட்டு பாதி வழியில் டிவியின் மேல் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண் தான் விடுவதாக வந்தாள்.

"எங் கண்ணுல மருந்து வுட ஊரைக் கூட்டோணுமா? நீ போ சாமி, உனக்கு வேலை கெடக்குது. இவரு வரட்டும். வந்தாத்தான் கட்டை அவுப்பேன்" என்றாள் பாவாத்தாள்.

சென்னியப்பன் அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய் லீவு கேட்டார்.

"எடுத்துக்குங்க அய்யா. ஆனா நீங்க லீவுலயும் தூரமாத்தான இருப்பீங்க?" என்றாள் தாரணி.

"நடந்து பாக்கறனுங்க அம்மிணி."

சுகந்தா தன் குடையைக் கொடுத்தாள். மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டு வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு, புட்டியைச் சட்டைப்பையில் வைத்து, கட்டிலை நோக்கிக் கிளம்பினார்.

முதலில் வழி நன்றாக இருந்தது. சிமெண்டுத் தரை, பிறகு செம்மண். நாற்காலியைத் தாண்டியதும் ஒரு வாய்க்கால். அதன் கரையில் நடக்கும்போது எங்கிருந்தோ தறிச் சத்தம் கேட்டது. அவர் ஓட்டிய பழைய தறியின் சத்தம் மாதிரியே இருந்தது. அதில் எந்த நூல் அடிக்கடி அறும் என்பதை யோசித்துக்கொண்டே கொஞ்ச தூரம் போய்விட்டு நிமிர்ந்தார். கட்டில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது.

நின்றார். வேறு நினைவு இல்லாமல் நடக்க வேண்டும் என்று புரிந்தது. பாவாத்தாளையே நினைத்துக்கொண்டு நடந்தார். நினைப்பதற்கு அதிகம் இருக்கும் என்று எண்ணியிருந்தார். சீக்கிரம் தீர்ந்துபோயிற்று. மோரில் உப்பு அதிகம் போடுவாள். மழை வந்தால் முதலில் விறகைத்தான் பார்ப்பாள். அதற்கு மேல் தேடினால், அவள் காதுத் தோட்டில் இருந்தது சிவப்புக் கல்லா வெள்ளைக் கல்லா என்பதுகூடத் தெரியவில்லை. இத்தனை வருஷம் எதிரில் இருந்த காது. எந்த நிறம் என்று பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் நடை வேகமாயிற்று. கட்டிலின் கால்கள் தெரிந்தன.

டிவிக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாவாத்தா கட்டிலுக்குப் போறவருங்களா?"

"ஆமாங்க."

"அந்தம்மா காத்தாலருந்து உக்காந்திருக்குது. வெரசலாப் போங்க. இப்படிக் கோயிலுக்குப் போற மாதிரி நடந்தா எப்பப் போய்ச் சேர்றது?"

வெயில் ஏறிற்று. குடையைப் பிடித்தால் காற்று தடுத்தது, மடக்கிக்கொண்டார். நடுவில் ஒரு மேடு. அதன் மேல் ஏறியபோது பாவாத்தாள் கையைத் தூக்கிக் கட்டின் முடிச்சைத் தடவிப் பார்ப்பது தெரிந்தது. மத்தியானமாகிவிட்டதா என்று அவள் வெயிலைக் கன்னத்தால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஓட ஆரம்பித்தார். இந்த வயதில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். வழியில் நல்ல மரங்களும் ஒரு பாலமும் இருந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். அவர் எதையும் பார்க்கவில்லை.

கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். தோட்டில் இருந்தது சிவப்புக் கல். அதில் ஒன்று விழுந்துபோய்ப் பள்ளமாக இருந்தது.

"ஏனுங்க, வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்." பதில் உடனே அவளுக்குக் கேட்டது.

கட்டை அவிழ்த்தார். அவள் தலையைச் சாய்த்து, தன் கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா வுடுங்க. மாட்டுக்கு மருந்து ஊத்தற மாதிரி ஊத்தீராதீங்க."

"ஆடாம இரு புள்ள."

சொட்டு விழுந்தது. கண்ணை மூடி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தாள். அவரை வெகுநேரம் பார்த்தாள்.

"மூக்குக்குப் பக்கத்துல இந்தத் தழும்பு எப்ப வந்துச்சு?"

"தறியில ஓடற நாடாக் கட்டை தெறிச்சு அடிச்சது. நம்ம கண்ணாலத்துக்கு முந்தி."

"சொல்லவே இல்லியே."

"நீ கேக்கலியே."

"கேக்கற தூரத்துல எங்க இருந்தீங்க?" என்றாள். சிரித்தாள். பிறகு தலையணையை நகர்த்தி, அவர் உட்கார இடம் விட்டாள்.

லீவு முடிந்தும் சென்னியப்பன் வேலைக்கு வரவில்லை. கட்டிலிலிருந்து வாசலுக்கும் அதே தூரம்தான் என்பது தாரணிக்குத் தெரியும். அவளே விசாரிக்க வந்தாள். வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தாள். கூடத்தின் வயல்களும் வாய்க்காலும் தாண்டி, மேட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டு புள்ளிகள் ஒன்றை ஒன்று ஒட்டி இருந்தன. தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்றபோது இருந்ததைவிட இது பெரிய தூரம். அவளுக்குக் காலையிலிருந்து இருந்த தலைவலி விட்டுப்போயிற்று.

அடுத்த மாதமே நிறுவனத்தை அந்த வீட்டுத் தெருவுக்கு மாற்றினார்கள். வாசலை ஒட்டிப் பந்தல் போட்டு மேசைகளை வரிசையாக வைத்தார்கள். மணி அடிக்கும். எல்லோரும் திரும்பி வீட்டுக்குள் பார்ப்பார்கள். ஒரு புள்ளி மற்றொரு புள்ளிக்கு ஏதோ எடுத்துக் கொடுக்கும். மறுபடி மணி அடிக்கும். சுகந்தாவின் குடையும் அங்கே சாய்த்து வைத்திருப்பது தெரிந்தது, அவள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

பக்கத்து லென்ஸு என்பதால் பாவாத்தாளுக்கு அவர்கள் யாரும் தெரியவில்லை.

"அக்கட்டால என்னமோ மணி அடிக்குதே, யாருங்க அது?"

"பாக்கறவங்க."

"நம்மளையா? பாத்துட்டுப் போகட்டும். நீங்க வெங்காயத்தை உரியுங்க."

ஆடி பிறந்ததும் வாசலிலிருந்து கட்டிலுக்கு நகரப் பேருந்து விட்டார்கள். முதல் நாள் அதில் பால் பாக்கெட்டும் ஒரு கட்டுக் கீரையும் வந்தன. நடத்துனர் இறங்கி, பாவாத்தாள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். திரும்பிப் போகும்போது ஏறுவதற்கு யாராவது உண்டா என்று கேட்டார். சென்னியப்பன் இல்லை என்றார். நடத்துனர் விசில் ஊதினார். பேருந்து கட்டில் காலைச் சுற்றித் திரும்பிப் போயிற்று.