விசுவாசப் பிரமாணமும் டிரில் பிரஸ்ஸும்

ஒரு மனிதர் உட்கார்ந்த பாரத்தை மட்டும் வைத்துச் செத்த பியானோவுக்கு உயிர் கொடுத்தவர் உலகத்திலேயே தான் ஒருவர்தான் என்று வேதசிரோமணி சொல்லிக்கொண்டு திரிகிறார். தாம்பரத்தில் தொடங்கிச் செங்கல்பட்டு வரை சொல்லியாயிற்று. ஒரு ஈ காக்கைகூட நம்பவில்லை.

பியானோ, அஸ்தினாபுரம் ஜெயசீலி டீச்சருடையது. அதை வைத்துத்தான் அவருக்குப் பிழைப்பு. கம்பிகளை முறுக்கிப் பிடிக்கும் முளைகள் நிற்கிற பலகை விரிசல் விட்டுப் போனதால், புதுப் பலகை ஒட்டியிருந்தார்கள். அந்த மரம் இன்னொன்று கிடைக்காது. அதில் இருநூற்றுச் சொச்சம் துளைகள் போட வேண்டும். கோணினாலோ கருகினாலோ, பியானோ இனி துணி மடிக்கிற மேசைதான்.

அந்த வேலையை ஏற்றுக்கொண்டவர் ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற வேதசிரோமணி. கூடுவாஞ்சேரிப் பழைய இரும்புக் கடையில் அவர் துளை போடும் டிரில் பிரஸ் மெஷின் பார்த்த நிதானத்தில் எவரும் மாப்பிள்ளைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். "இது சும்மா பறக்கும் சார்" என்று கடைக்காரர் காட்டியதையெல்லாம் ஒதுக்கினார். வேகம் மரத்தைச் சுடும். சுட்ட துளையில் முளை வழுக்கும். இருப்பதிலேயே சோம்பேறியான ஒன்றை எடுத்தார். எடை இரண்டு யானை. பெல்ட்டைப் பெரிய சக்கரத்துக்கு மாற்றியதும், அது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் போலாயிற்று.

பலகை பியானோவோடு ஒட்டியிருந்ததால், மெஷின்தான் அதனிடம் போக வேண்டும். பியானோவை மல்லாக்கப் படுக்க வைத்து, பக்கத்துப் பெஞ்சில் மெஷினை ஏற்றி, அதன் தலையைப் பின்பக்கம் திருப்பிப் பலகைக்கு மேலே நீட்டினார். தலைக்கனத்தில் அது குப்புற விழப் பார்த்தது. ஒவ்வொரு துளைக்கும் நகர்த்த வேண்டியிருந்ததால் போல்ட் போட்டு இறுக்கவும் வழியில்லை. அதனால் அடித்தட்டின் மேல் ஜெயசீலியின் அண்ணன் துரைராஜை உட்கார வைத்தார்.

"இது நடக்காது சார். பேசாம ஒரு கீபோர்டு வாங்கிடலாம்."

"கனமா இருக்கிறதுதான் இன்னிக்கு உங்க வேலை. வாய்க்கு வேலை இல்லை."

ஞாயிற்றுக்கிழமை. மூவரும் முதல் ஆராதனைக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். துளைகளில் இதுதான் கடைசி வரிசை. துரப்பணம் பாதி மரத்துக்குள் இறங்கியிருந்தது. தெருமுனைச் சர்ச்சில் இரண்டாம் ஆராதனை. ஒலிபெருக்கியில் ஆயர் குரல் வந்தது. "எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தை அறிக்கை செய்வோம்."

பிரமாணம் என்றாலே எழுந்து நின்று பழகிய முப்பது வருஷச் சர்ச் கமிட்டி உடம்பு கேட்குமா? துரைராஜ் எழுந்தார்.

அடித்தட்டு தூக்கிக்கொண்டது. மெஷினின் தலை பலகையை நோக்கிச் சாய்ந்தது. வேதசிரோமணி தோளைக் கொடுத்து முட்டுப்பிடித்தார். விலாவில் ஏதோ முறுக்கிக்கொண்டது. கைப்பிடியை விட்டால் துளை கிழிந்துவிடும். மூச்சு விடக்கூட இடமில்லை.

"உக்காருங்க."

"பிரமாணம் சொல்றாங்க சார்."

ஜெயசீலி அண்ணனின் தோளில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். "உக்காந்துகிட்டே விசுவாசி, அண்ணா. எனக்கு வேற பலகை இல்லை."

துரைராஜ் பொத்தென்று உட்கார்ந்தார். தட்டு படிந்தது. கண்ணை மூடி, நெற்றியெல்லாம் வேர்வையாக, பிரமாணத்தை ஆமென் வரைக்கும் முணுமுணுத்தார். அதற்குள் வேதசிரோமணி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறக்கித் துளையை முடித்தார்.

உதிர்ந்த மரத்தூளை ஜெயசீலி எடுத்து மோந்தார். கருகல் இல்லை. ஒரு முளையை அடித்து இறக்கி, முறுக்கும் சாவியை அண்ணனிடம் நீட்டினார். துரைராஜ் ஒரு கையால் திருகினார். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்த பிறகுதான் முனகிக்கொண்டு மயிரிழை நகர்ந்து, வழுக்காமல் அங்கேயே நின்றது.

சாவியை வேதசிரோமணியின் கையில் வைத்தார்.

"சரி சார், நடந்துச்சு. பிரமாணத்தை நான் உக்காந்துதான் சொன்னேன். ஆயரே கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்."