டீச்சரின் ரப்பர் செருப்பு

அந்த வீட்டு மாடியில் குளியலறை விளக்கு எரிய வேண்டுமானால் படுக்கையறைக்குள் போய் சுவிட்சைப் போட வேண்டும். படுக்கையறை விளக்குக்குப் படிக்கட்டில் சுவிட்ச். படிக்கட்டு விளக்கின் சுவிட்ச் எங்கே என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருந்தது. வாசலில் யாராவது மணியை அழுத்தினால் மாடி மின்விசிறி நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சுற்றும்.

மாடி கட்டி இரண்டு மாதம் ஆகிறது. ஒயரிங் செய்தது டீச்சரின் தம்பி. தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும், புருஷனும் அப்படித்தான். கணக்கு டீச்சர். வகுப்பில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் உண்டு இல்லை என்று பண்ணிவிடுபவள், தம்பி விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நூற்றுக்கு நூறு போடுவாள். போட்டோ ஸ்டூடியோ, கோழிப் பண்ணை, கார் கழுவும் கடை என்று தொட்டதையெல்லாம் பாதியில் விட்டவன் அவன். வாழ்க்கையில் முதல்முறையாக முழுசாக முடித்த வேலை அக்கா வீட்டு ஒயரிங்தான்.

"டீச்சர், ஹீட்டர் குழாயைத் தொட்டா விர்ருங்குது," என்பார் அவள் வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர்.

"உங்களுக்கு நரம்புத் தளர்ச்சி. எனக்கு ஒண்ணும் ஆகலையே."

ஒன்றும் ஆகாததற்குக் காரணம் அவள் காலில் இருந்தது. முதல் நாளே சுளீரென்று வாங்கியவள், அன்று சாயங்காலமே ஒரு ஜோடி தடித்த ரப்பர் செருப்பு வாங்கிவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டுதான் குளியல். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனால் நாளைக்கு மகள் வருகிறாள், மூன்று மாதக் கைக்குழந்தையோடு. தங்கப்போவது மாடியில். பேரன் அளவுக்கு ரப்பர் செருப்பு எந்தக் கடையிலும் கிடையாது. வெளி ஒயர்மேனைக் கூப்பிட்டால் தம்பி முகம் தொங்கிப்போகும். கூப்பிடாவிட்டால் பேரனைக் குளிப்பாட்டும் தண்ணீரிலும் ஷாக் அடிக்கும்.

அன்று காலையில் தம்பியே வந்து நின்றான், கையில் நிலா வடிவ விளக்கோடு. "குட்டிப்பய தலைமாட்டுல மாட்டி விடறேன்க்கா."

டீச்சர் விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டு வந்தாள். கையில் துண்டு.

"வேர்த்து ஊத்துது பாரு. மேல போய்க் குளிச்சிட்டு வா."

"காலைலயே குளிச்சாச்சுக்கா."

"குளிச்ச மூஞ்சியா இது?" என்றார் கண்டக்டர், பேப்பருக்குப் பின்னாலிருந்து. "இதை வழிச்சா வண்டிக்கு கிரீஸ் போடலாம் மச்சான்."

"வீட்டுல போய்க் குளிக்கிறேன் மாமா."

"நீ ஒயர் இழுத்த பாத்ரூம்டா. ஒருநாளாவது நீ குளிக்க வேண்டாமா?" டீச்சர் துண்டை அவன் தோளில் போட்டாள்.

அவன் படியேறினான். மேலே காலடிச் சத்தம் குளியலறை வாசல் வரை போனது, நின்றது, திரும்பி வந்தது. படிக்கட்டின் மேல் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"அக்கா, உன் ரப்பர் செருப்பைக் கொஞ்சம் குடேன்."

பேப்பர் மெல்ல இறங்கியது. கண்டக்டர் மச்சானைப் பார்த்தார். பிறகு டீச்சரின் காலைப் பார்த்தார்.

"எனக்கு நரம்புத் தளர்ச்சி," என்றார் நிதானமாக.

டீச்சர் அவர் பக்கமே திரும்பவில்லை. "ஷாக் அடிக்கும்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"போன மாசம் கை கழுவப் போனேன். தூக்கிப் போட்டுச்சு. நீ எதுவும் சொல்லலையா, சரி, உனக்குப் பழகிடுச்சு போலன்னு விட்டுட்டேன்."

"நீ வருத்தப்படுவேன்னுதான்டா சொல்லல, எருமை."

"நானும் அதுக்குத்தான்க்கா சொல்லல."

"உங்க பாசத்துக்கு நடுவுல நான் ஒருத்தன் ரெண்டு மாசமா வெறுங்காலோட ஆடியிருக்கேன்," என்றார் கண்டக்டர்.

"ஹீட்டர் பிளக்கைப் புடுங்கி வெச்சிட்டு, உன் வேலையை நீயே நம்புறியான்னு பார்க்கத்தான் உன்னை அனுப்பினேன். கீழ இறங்கு," என்ற டீச்சர், போனை எடுத்து ஒயர்மேனைக் கூப்பிட்டாள்.

ஒயர்மேன் வந்து மாடி சுவிட்ச் போர்டைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். "இது யாரு வேலை?"

கண்டக்டர் ஆசையாக வாயைத் திறந்தார். டீச்சர் முந்திக்கொண்டாள். "என் தம்பி. இதோ நிக்கறான். தப்பை அவன்கிட்டயே சொல்லுங்க."

அவள் அவனுக்குப் போட்ட முதல் பூஜ்ஜியம் அது. அவன் காது சிவந்தது, ஆனால் ஓடவில்லை.

"எர்த்துக்குப் போற பச்சை ஒயர் எங்க தம்பி? ஹீட்டர்ல கரண்ட் கசிஞ்சா மண்ணுக்குக் கொண்டு போறது அதுதானே?"

"அது இல்லாமலே எல்லாம் எரிஞ்சுதுங்க. அதனால..."

அவன் கண் ஜன்னலுக்குப் போனது. மற்றவர்கள் கண்ணும் பின்னாலேயே போனது. வெளியே, சுவருக்குச் சுவர் விறைப்பாக இழுத்துக் கட்டிய பச்சை ஒயரில் கண்டக்டரின் பனியன்கள் நான்கு காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"அக்காவுக்குத் துணிக்கொடி இல்லாம இருந்துச்சு," என்றான் தம்பி.

"பனியனுக்கு மட்டும் ஷாக் அடிக்காது," என்றார் ஒயர்மேன். "ஒயரைப் புடி. இன்னைக்குப் பூரா என்கூடதான் இருக்க."

பச்சை ஒயரை அவிழ்த்து உள்ளே இழுத்து, இணைப்பையெல்லாம் மாற்றி, மீட்டர் வைத்துச் சோதித்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. உடம்பெல்லாம் சுண்ணாம்பும் ஒட்டடையுமாக நின்ற தம்பியிடம் டீச்சர் மறுபடி துண்டை நீட்டினாள். "இப்ப போ. வெறுங்காலோட."

அவன் உள்ளே போன இரண்டாவது நிமிடம் 'ஆ' என்றொரு அலறல். ஒயர்மேன் கையிலிருந்த டெஸ்டர் கீழே விழுந்தது. டீச்சர் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"என்னடா ஆச்சு?"

"தண்ணி சுடுதுக்கா."

"சுடும்டா. அதுக்குப் பேர்தான் ஹீட்டர்."

டீச்சர் கதவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு செருப்பைக் குளியலறை வாசலிலேயே கழற்றி விட்டுவிட்டு, பேரனின் துணிகளைக் காயப்போடக் கயிறு வாங்கிவரும்படி கண்டக்டரிடம் சொல்ல வெறுங்காலோடு கீழே இறங்கினாள்.