மணிக்கட்டுவரை நீலம்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை, ஜெயித்தவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களின் விரலில் மை சுத்தமாக அழிந்துபோயிருந்தது. தோற்றவர்களுக்குப் போட்டவர்களின் விரலில் அது முதல் கணுவைத் தாண்டி இறங்கியிருந்தது. வானொலியில் எட்டு மணிச் செய்தியின் கடைசியில், வானிலைக்கு முன்னால், இதை இரண்டு வரியில் சொன்னார்கள். தேர்தல் அலுவலக வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். வாக்கெடுப்பு ரகசியமாகவே நடந்தது என்றும், அதற்குப் பிறகு மை என்ன செய்கிறது என்பது அலுவலகத்தின் பொறுப்பில் வராது என்றும் அதில் இருந்தது. மக்கள் வாசித்துவிட்டு அவரவர் விரலைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

ஐந்து மாடிக் கட்டடமொன்றின் மூன்றாவது மாடியில் குடியிருந்த பிசியோதெரபிஸ்ட், அன்று காலை சமையலறைக் குழாயடியில் சோப்பு, சமையல் சோடா, நகப்பூச்சு அழிக்கிற திரவம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீலம் அசைந்துகொடுக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் வழக்கம்போல அவளுடைய மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தார். டப்பா மூடியை அழுத்திய அவருடைய விரல், மழையில் கழுவிய கூழாங்கல்லைப் போலச் சுத்தமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். ஓட்டுப் போடவும் ஒன்றாகத்தான் போனார்கள், ஒரே வரிசையில் நின்றார்கள். திரும்பும்போது, "இந்தத் தடவை தப்பிச்சிடுவோம்ல?" என்று அவள் கேட்டதற்கு, "பாப்போம்" என்று சொல்லியிருந்தார்.

"எப்படிப் போச்சு உங்களுது?"

"குளிக்கும்போது போயிருக்கும்."

அந்த நேரம் பார்த்து வானொலி அந்த இரண்டு வரியைச் சொன்னது. அவர் போய் அதை அணைத்தார்.

"அவங்க மேடையில பேசினதெல்லாம் நீங்களும் கேட்டீங்கதானே?"

"கேட்டேன்."

"மேல்வீட்டு அக்கா மாதிரி ஆளுங்களை வண்டி ஏத்தி நாட்டை விட்டே அனுப்பிடுவோம்னு சொன்னதையும்?"

"அதெல்லாம் செய்யமாட்டாங்கன்னு நினைச்சேன்" என்றார். டப்பா மூடியை இன்னொரு முறை அழுத்திவிட்டு, "கம்பெனியில பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினப்போ ஏன்னு கேக்க ஒரு நாதியில்ல. நாலு வருஷம். இவங்க மட்டும்தான் கேட்டாங்க. அவ்வளவுதான்" என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். டப்பாவை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். அந்த வீட்டில் சண்டை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று அவளுக்குப் பல நாள் தோன்றியது. இருவரும் ஒருவருக்கொருவர் உப்பை நகர்த்தி வைத்தார்கள், குடையை எடுத்துக் கொடுத்தார்கள், கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

நீலம் ஒரு மாதத்தில் அடுத்த கைக்கும் பரவி, இரண்டு மணிக்கட்டையும் தொட்டு அங்கேயே நின்றது. அதற்கென்று ஒரு குணம் இருந்தது. மத்தியானம் வெளிறிப்போகும், சாயங்காலம் கெட்டிப்படும், மழை வரப்போகிற நாட்களில் அதற்குள் மெல்லிய திட்டுகள் மேகம்போல இடமிருந்து வலமாக நகரும். துணியில் ஒட்டாது, சோற்றில் இறங்காது. அப்படிப்பட்டவர்களுக்கு ஊரில் நீலக்கை என்று பெயர் விழுந்தது. பஸ்ஸில் சிலர் அவர்கள் பக்கத்தில் உட்காரவில்லை, சிலர் கண்டும் காணாமல் இருந்தார்கள். கொளுத்துகிற வெயிலில் கையுறை போட்டுக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு. அவளால் அது முடியவில்லை. கையுறை போட்டால் தசை எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறது என்று விரலுக்குத் தெரியாமல் போய்விடும்.

இரண்டாவது மாடியில் இருந்த ஓய்வுபெற்ற ரயில் கார்டுக்கு வலது தோள் இறுகிப்போய், கை நெஞ்சுக்கு மேல் எழும்பாமல் இருந்தது. ஜெயித்தவர்களுக்காகத் தெருத்தெருவாகப் பேசியவர். சிகிச்சைக்கு வந்தவர் அவள் கையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"டாக்டரம்மா, வேற யாராவது இருக்காங்களா?"

"நான் ஒருத்திதான் சார்."

இரண்டு மாதம் எங்கெங்கோ போய்விட்டு, தோள் இன்னும் மோசமாகித் திரும்பி வந்தார். "நான் கண்ணை மூடிக்கிறேன். நீங்க அரசியல் பேசக்கூடாது" என்றார். "நீங்க பேசாம இருந்தா போதும்" என்றாள். மெழுகு ஒத்தடம் வைத்து, அரைமணி நேரம் தோளைப் பிடித்துவிட்டாள். அவர் கண்ணைத் திறந்து தோளைக் குனிந்து பார்த்தார். "ஒட்டலையே" என்றார். குரலில் லேசான ஏமாற்றம் இருந்ததுபோல அவளுக்குப் பட்டது. அதன்பிறகு வாரம் இருமுறை வந்தார். அரசியல் பேசக்கூடாது என்றவர்தான், படுத்த படுக்கையில் ஓயாமல் பேசினார். ஏழு தேர்தலில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவர் என்பதால் விதிகள் அவருக்கு மனப்பாடம். விரலில் மை இருந்தால் அவன் வாக்காளன், வாக்காளன் என்றால் இந்த நாட்டு ஆள், இது முதல் தேர்தலில் எழுதிய விதி, இன்றுவரை எவனும் எடுக்கவில்லை, அதனால்தான் இந்த நீலக்கைகளுக்கு இவ்வளவு கொழுப்பு என்றார். அவள் தோளைக் கொஞ்சம் அழுத்தித் திருப்பினாள்.

அவளுக்குக் கவலை கழுத்தில் குடியேறியிருந்தது. ஒரே செய்தித்தாளை மூன்று முறை வாசித்தாள். லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் கையிலிருந்ததை வைத்துவிட்டு நின்றாள். யார் யாரை அனுப்புவார்கள் என்று தெரிந்தவர்களின் முகங்களை மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்ப்பாள். ஒருநாள் கவனித்தாள், சுத்தமான விரல்காரர்களின் கழுத்திலும் அதே இடத்தில் அதே முடிச்சு இருந்தது. அவர்கள் எதற்காகக் கவலைப்படுகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவுமில்லை, அழுத்தி எடுத்துவிட்டாள்.

ஐந்தாவது மாடியில் தையல்காரர் குடும்பம் இருந்தது. தையல்காரர், அவர் மனைவி, இரண்டு பெண்கள், தையல்காரரின் தம்பி. அவருடைய தாத்தா அறுபது வருஷத்துக்கு முன்னால் எல்லை ஆற்றைத் தாண்டி வந்தவர் என்பதால், இந்தத் தேர்தலில் அவர்கள் ஒருவர் பெயரும் வாக்காளர் பட்டியலில் இல்லை. தையல்காரரின் மனைவியைத்தான் பிசியோதெரபிஸ்ட் அக்கா என்று கூப்பிடுவாள். கனமான கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கி, அந்த அக்கா ஒரு மழைநாளில் கீழே வந்தாள். கதை பேசிக்கொண்டே அரைமணி நேரம் நீவிவிட்டு விரலைப் பிரித்தால், அக்காவின் கை மணிக்கட்டுவரை நீலமாகியிருந்தது.

"என்னம்மா இது, எனக்கு ஓட்டே இல்லையே."

"என்னோடதுல பாதி வச்சுக்கோங்க அக்கா."

இருவரும் கண்ணில் நீர் வருமளவு சிரித்தார்கள். அக்காதான் முதலில் நிறுத்தினாள். "இது போகுமா?"

"போகாதுன்னுதான் நினைக்கிறேன்."

"இருக்கட்டும். கல்யாணத் துணியில ஒட்டாம இருந்தா சரி." ஒட்டவில்லை. தைத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாம் வருஷம், பட்டியலில் பெயர் இல்லாதவர்களை நாட்டை விட்டுப் போகச் சொல்லி நோட்டீஸ்கள் வந்தன. மூன்றாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கட்டடத்தின் முன்னால் வெள்ளைப் பஸ் ஒன்று வந்து நின்றது. ஜன்னல் கம்பிகளுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மூன்று அதிகாரிகள் காகிதப் பெட்டியோடு இறங்கினார்கள். மூத்தவருக்கு முழங்கால் வலி. மாடிப்படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு லிஃப்டுக்குப் போனார்; மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். மூன்றாவது மாடி ஜன்னலில் கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று இதைப் பார்த்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். ஷூ கயிற்றைப் பாதி கட்டியிருந்தார்.

"நீ படியில மேல போ" என்றார்.

"நீங்க?"

"மொட்டைமாடி லிஃப்ட் மெஷின் ரூம்ல எனக்கு ஒரு வேலை இருக்கு."

லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டி, நான்காவதைத் தொடாமல் நின்றது. உள்ளே மணி அடித்தார்கள், கதவைத் தட்டினார்கள். மொட்டைமாடியிலிருந்து இறங்கிவந்த மெக்கானிக் இடுக்கு வழியாகக் குரல் கொடுத்தார். "பயப்படாதீங்க சார். பிரேக் புடிச்சிருக்கு. பத்து நிமிஷம்." பத்து நிமிஷத்துக்குப் பிறகு இன்னொரு பத்து நிமிஷம் கேட்டார். அதன்பிறகு, "பார்ட் வரணும் சார்" என்றார். இடுக்கு வழியாகத் தண்ணீர்ப் பாட்டிலை உள்ளே விட்டார். மூத்த அதிகாரி லிஃப்டின் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து தன் முழங்காலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மெக்கானிக் பொறுமையாகக் கேட்டார். "மூணாவது மாடியில ஒருத்தங்க இருக்காங்க. கைராசிக்காரங்க. இறங்கினதும் காட்டிட்டுப் போங்க" என்றார்.

ஐந்தாவது மாடியில் தையல் மிஷின்கள் நின்றுபோயிருந்தன. அவள் துணி வெட்டுகிற மேஜைமேல் ஏறி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். பெண்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். வெயில் ஜன்னல் வழியாக வந்து நூல்கண்டுகள்மேல் விழுந்து, ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்கு நிதானமாக நகர்ந்தது. இளையவள் பிடித்த கையை விடாமல் அப்படியே தூங்கிப்போனாள். நீலம் அவள் விரல்களில் தண்ணீர் ஏறுவதுபோல ஏறியது. அடுத்து தையல்காரர். முப்பது வருஷமாகப் பெண்களுக்கு அளவெடுத்தும், விரல் படாமல் நாடா மட்டுமே படும்படி எடுத்த மனிதர். வெட்கப்பட்டுக்கொண்டு, மனைவியைப் பார்த்துக்கொண்டே கையைக் கொடுத்தார். "நல்லாப் புடிங்க, கடிச்சிடமாட்டாங்க" என்றாள் அக்கா. தம்பியின் கை வேர்த்து வழுக்கியது. அவனுக்கு மட்டும் நேரம் பிடித்தது. கீழேயிருந்து சுத்தியல் சத்தம் வந்துகொண்டே இருந்தது. இரும்பில் எங்கே அடித்தால் ஒன்றும் ஆகாதோ அங்கேயாகப் பார்த்து அவள் கணவர் அடிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. தம்பியின் மணிக்கட்டும் நீலமானதும் அவள் மாடிப்படிக்கு வந்து குனிந்து, "எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று சத்தமாகச் சொன்னாள்.

"பார்ட் வந்துடுச்சு சார்" என்றார் மெக்கானிக்.

அதிகாரிகள் மேலே வந்து ஐந்து பேரின் நீலக்கைகளையும் பார்த்தார்கள். சின்ன அதிகாரி பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அப்போது ரயில் கார்டு ஒரு பழைய கையேட்டோடு, மூச்சு வாங்க, மூன்று மாடி ஏறி வந்து சேர்ந்தார்.

"இவங்க இங்க இருக்கிறது எனக்குப் புடிக்கல. அதையும் எழுதிக்கோங்க" என்றார். "ஆனா ரூல் இருக்கிற வரைக்கும் ரூல்தான். பதினாலாம் பக்கம்." கையேட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். வலது கையால்தான் தூக்கினார் என்பதை அவர் கவனிக்கவில்லை, பிசியோதெரபிஸ்ட் கவனித்தாள். மூத்த அதிகாரி பதினாலாம் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். காகிதத்தில் 'வாக்காளர்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, முழங்கால் விஷயமாக எப்போது வரலாம் என்று கேட்டார். வியாழக்கிழமை வரச் சொன்னாள். பஸ் காலியாகத் திரும்பிப் போனது.

செய்தி அரசல்புரசலாகப் பரவியது. அந்த மழைக்காலம் முழுக்கப் பூங்கா பெஞ்சுகளிலும் பஸ் நிறுத்தங்களிலும் முன்பின் தெரியாதவர்கள் இரண்டிரண்டு பேராகக் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சுற்றிப் புறாக்கள் மேய்ந்தன. குடை இல்லாதவர்களும் எழுந்து போகவில்லை. நான்காம் வருஷம் அந்த விதியைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குள் பள்ளிப் பிள்ளைகள், கைக்குழந்தைகள், மூத்த அதிகாரியின் பேத்தி உட்படப் பாதி ஊர் நீலமாகியிருந்தது. எது யாருடைய நீலம் என்று பிரிக்க வழியில்லை. ஆனால் அதற்கு முன்பே பல தெருக்களிலிருந்து பஸ்கள் நிறைந்து போயிருந்தன. எல்லாக் கட்டடத்திலும் லிஃப்ட் இல்லை. அந்த வீடுகளின் ஜன்னல்கள் சாத்தியபடியே கிடப்பதை அவள் வேலைக்குப் போகிற வழியில் பார்ப்பாள். அவள் கவலை தீரவில்லை. செய்தித்தாளை இரண்டு முறை மட்டும் வாசிக்கிற அளவுக்குக் குறைந்தது.

பஸ் திரும்பிப் போன அன்று சாயங்காலம் கணவர் சுத்தியலைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, பால்கனியில் அவள் எதிரில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

"எனக்கும் புடிச்சுப் பாரேன்."

பிடித்தாள். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும்வரை பிடித்திருந்தாள். கையை எடுத்தபோது அவர் உள்ளங்கையில் கிரீஸ் கறையும் இரும்புக் கீறல்களும்தான் இருந்தன.

"ஒட்டல" என்றாள்.

"ஒட்டல" என்றார். கையை மடக்கிக்கொண்டு, "நாளைக்குப் பாப்போம்" என்றார்.

இது நடந்து பதினோரு வருஷமாகிறது. வேலை முடிந்து வந்ததும் அரைமணி நேரம் அவர்கள் பால்கனியில் அப்படி உட்காருகிறார்கள். அன்று யாருக்கு எங்கே வலித்தது, எந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு சிக்கியது என்று பேசிக்கொள்கிறார்கள். சில நாள் தேர்தலைப் பற்றியும் பேசுகிறார்கள், குரல் உயர்ந்தாலும் கையை எடுப்பதில்லை. மழைக்கு முந்தைய நாட்களில் அவள் விரல்களில் மேகங்கள் நகர்ந்து, அவர் கையின் ஓரம்வரை வந்து, அங்கேயே திரும்பிவிடுகின்றன. இருட்டி, அவள் கை வானத்தோடு சேர்ந்து கறுத்ததும், அவர் எழுந்து விளக்கைப் போடுகிறார். உள்ளங்கையை ஒருமுறை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டுத் தட்டு எடுத்து வைக்கிறார். இருவரும் சாப்பிட உட்காருகிறார்கள்.